இடக்கை முடிச்சு

"இந்தத் தரை ஏன்தான் ஆடித் தொலைக்க மாட்டேங்குதோ!"

காலையில் எழுந்து காலைக் கீழே வைத்ததும் இது. குளித்துவிட்டு வந்ததும் இது. சாப்பிட உட்கார்ந்தால் இது, சாப்பிட்டு எழுந்தால் இது. குரலை மூக்குக்குக் கொண்டுபோய், 'தரை'யில் மெதுவாக ஆரம்பித்து, 'தொலைக்க'வில் ஓர் ஏற்று ஏற்றி, 'குதோ'வில் பொத்தென்று கீழே போடுவாள். அந்த வீட்டில் ஒரு கிளி இருந்திருந்தால் இந்நேரம் அதுவும் படித்திருக்கும்.

குடும்பத்தில் அவளுக்கு ஊஞ்சல் என்று பெயர். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடை வரிசையில், கண்ணாடி முன்னால், எங்கே நின்றாலும் இடுப்புக்குக் கீழே ஓர் அலை போய்க்கொண்டே இருக்கும். பாய்மரப் படகிலேயே சமைத்து, துவைத்து, தூங்கி, காய்ச்சலில் கிடந்து பழகிய உடம்பு. படகு ஆடினால் அது ஆடாது. தரை ஆடாவிட்டால் அது ஆடும்.

இந்தப் புகாரை வேறு யார் வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அண்ணன் வீட்டில் வைத்துச் சொன்னதுதான் வம்பு. அண்ணனுக்குத் தொழிலே தரை போடுவது. ரசமட்டத்தைக் கிடத்தி, அதன் குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் அவருக்கு மூச்சே வரும். குரல் சிமென்ட் கலவை இயந்திரம் மாதிரி. 'சாப்பிட்டியா' என்று பாசமாகக் கேட்டாலும் உள்ளே ஜல்லி உருளும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கோணல்னு எங்கண்ணே சொன்னேன்? கோணலே இல்லையேன்னுதான் சொல்றேன்."

"இத்தனை வருஷத்துல என் தரையை ஒருத்தன் குறை சொன்னதில்ல."

"அவங்கெல்லாம் உன் தரையில படுத்துப் பார்த்தாங்களா? பிணம் மாதிரி கிடக்குது."

"விடுங்களேன்," என்பாள் அண்ணி சமையலறையிலிருந்து. "அவளே பாவம், போன வருஷம்தான்..." மீதியை எச்சிலோடு விழுங்கிவிடுவாள். அண்ணி எப்போதும் அப்படித்தான். வாக்கியத்தின் முன்பாதியைப் பரிமாறுவாள், பின்பாதியை மூடி போட்டு உள்ளே வைத்துவிடுவாள். அந்த வீட்டில் இப்போது மூடி போட்டு வைத்ததுதான் அதிகம்.

ஊஞ்சல் பிறந்ததும் வளர்ந்ததும் தரையில்தான். திரைச்சீலை தைக்கும் கடையில் மெஷின் மிதித்தவள். வாய்த்த மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பகலெல்லாம் கட்டிடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பிவடங்களுக்கு கிரீஸ் தடவிவிட்டு வருவார். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேலயும் கீழயும் போயி அலுத்துப்போச்சு. இனிமே குறுக்கால போகலாம்."

"குறுக்கால எங்க, காய்கறிக் கடைக்கா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளில் ஒரு பழைய படகின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பாய் நாராகக் கிழிந்திருந்தது. கிழிந்த துணியைக் கண்டால் ஊஞ்சலுக்குக் கை சும்மா இருக்காது. தைத்தாள். தைத்தது தாங்குகிறதா என்று பார்க்க ஏறினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு தரைக்கு விருந்தாளியாகத்தான் வந்து போனாள்.

லிஃப்ட்காரருக்கு இடக்கைப் பழக்கம். அவர் போடும் முடிச்சு, அவள் முடிச்சைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். சுற்று எதிர்ப்பக்கம் போகும், வால் இடப்பக்கம் தொங்கும். ஒருமுறை திடீர்க் காற்றில் பாயை இறக்க வேண்டிய அவசரத்தில், அவர் போட்ட முடிச்சை அவள் பிடித்து இழுத்தாள். வலக்கைக்காரி பழக்கத்தில் தப்பான பக்கம் இழுத்துவிட்டாள். முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. படகு ஒருபக்கம் சாய்ந்து, சட்டி பானையெல்லாம் சுவரில் நடந்தன. பிழைத்து எழுந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள்: போட்டவங்கதான் அவுக்கணும். அன்றிலிருந்து பாதிக் கயிறு அவருடையது, பாதி அவளுடையது.

"உன் முடிச்சு மட்டும்தான் நேரா இருக்கு," என்பார் அவர், அவள் கோபமாக இருக்கும்போது.

"உங்க முடிச்சைப் பார்த்தா கயித்துக்கே வாந்தி வரும்," என்பாள் அவள்.

கரைக்கு வந்தாலும் அவர் கை அடங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் துணிக்கொடியைப் பிரித்து மறுபடி கட்டுவார், கேட்டைக் கட்டுவார், பழைய பேப்பர் கட்டைக் கட்டுவார். தரைக்காரர்களின் முடிச்சைப் பார்க்கச் சகிக்காது அவருக்கு.

போன வருஷம் ஒரு பிற்பகலில், நங்கூரம் போட்டு நின்ற படகில், பாயைச் சுருட்டிக் குறுக்குக் கம்பில் வரிசையாகக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, "டீ போடு," என்று சொல்லிவிட்டுப் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். டீ வந்தபோது அவர் இல்லை. உட்கார்ந்தபடியேதான் இருந்தார், ஆனால் இல்லை.

அதற்குப் பிறகு ஊஞ்சல் படகிலேயே இருந்தாள். இருந்தாள், அவ்வளவுதான். பாய் விரிக்கவில்லை. விரிக்க வேண்டுமென்றால் அவர் போட்ட முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும். போட்டவர் வந்து அவிழ்க்கப்போவதில்லை. அவள் தொட்டால் இறுகும். ஒரு வருஷத்துக்கு மேலாகப் படகு கட்டின கட்டில் நின்றது. அடிப்பக்கம் சிப்பி ஏறிப்போய், சுரண்டிச் சாயம் அடிப்பதற்காகப் பட்டறையில் கரையேற்றினார்கள். அந்த வேலை முடியும்வரை அண்ணன் வீட்டில் தங்க வந்தவள்தான் அவள்.

வந்து பார்த்தால் அந்த வீட்டில் லிஃப்ட்காரர் துடைத்துவிட்ட மாதிரி இல்லை. சுவரில் போட்டோ இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. வாசல் பக்கம் அவர் எப்போதும் உட்காரும் மரநாற்காலியைக் காணவில்லை, அண்ணனின் பளபளப்பான தரையில் அதன் கால்கள் தேய்த்த நான்கு வட்டங்கள் மட்டும் இருந்தன. அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். அவள் மனது நோகக் கூடாதென்றுதான் அத்தனையும். ஆனால் ஒருவர் இல்லை என்பதை இவ்வளவு பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தால், அவர் எல்லா மூலையிலும் வந்து நின்றுகொள்கிறார். படகில் அவர் செத்துப்போயிருந்தார், அவளும் அதோடு பழகியிருந்தாள். இந்த வீட்டில்தான் உலவினார். பட்டப்பகலில் முதுகுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பது போலிருக்கும். திரும்புவாள். நான்கு வட்டங்கள்.

மறைக்க மறந்தது ஒன்றே ஒன்றுதான். பின்பக்க பால்கனியில் துணிக்கொடி. அதன் முடிச்சின் வால் இடப்பக்கம் தொங்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதையும் எடுத்துவிடுவார்கள். தினமும் துணி காயப்போடும் சாக்கில் போய் அதை ஒருமுறை தொட்டுவிட்டு வருவாள்.

அப்படியிருக்கும்போது ஒரு காலை பட்டறை மேஸ்திரி போன் செய்தார். காற்றுக்குள் நின்று கத்தியே பழகியவர், போனிலும் புயல் அடிப்பதுபோலத்தான் பேசுவார்.

"அக்கா! நாளைக்குக் காலைல தண்ணியில எறக்குறோம்! எறக்கினா இங்க எடம் கிடையாது, அடுத்த படகு காத்துக்கிட்டு நிக்குது! உங்க பழைய எடத்தையும் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க! முகத்துவாரம் வரைக்கும் நான் இழுத்து விடுறேன், அப்புறம் பாயைத்தான் விரிக்கணும்! உங்க என்ஜின்தான் எப்பவோ செத்துப்போச்சே! பாயைக் கட்டின கயித்தை நான் கத்தி வச்சு அறுத்துடவா?"

"கத்தியோட கிட்ட போனா உன் கையைத் தேட வேண்டியிருக்கும்," என்றாள் ஊஞ்சல்.

புயல் சத்தம் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. ஜல்லி உருள ஆரம்பித்தது.

"அறுக்கவும் விடமாட்ட, அவுக்கவும் மாட்ட. அப்ப எப்படிப் போவ?"

"போவேன்."

"ஒரு வருஷமா கட்டிப்போட்ட படகுல உக்காந்திருக்க. அது பயணமா? காவல். செத்தவருக்குக் காவல்."

யார் எது சொன்னாலும் அடுத்த மூச்சுக்குள் திருப்பிக் கொடுக்கிற ஊஞ்சல், போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அண்ணனுக்கே பயமாகிவிட்டது. குரலை இறக்கிக்கொண்டார்.

"நாளைக்கு நானும் வர்றேன். அந்தக் கயித்தை நீ அவுத்துட்டா, நான் வாயே திறக்க மாட்டேன், நீ பாட்டுக்குப் போ. அவுக்க முடியலைன்னா படகை வித்துட்டு வந்துடணும். மாடி ரூம்ல தரை புதுசா போட்டுத் தர்றேன். சரியா?"

"சரி," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். வழக்கம்போல் முடிச்சைத் தொட்டாள். வெயில் நேராக விழுந்திருந்தது. அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளும் கண் முடிச்சைத்தான் பார்த்தது, கயிற்றைப் பார்க்கவில்லை.

கயிறு புதிது. நீல நைலான். நுனியில் கடைக்காரன் சுற்றிய காகிதப் பட்டைகூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இங்கே கட்டியிருந்தது வெள்ளைப் பருத்திக் கயிறு. அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. வெயிலில் நின்றவளுக்கு முழங்கை வரை குளிர்ந்தது.

போகும் முன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் அது. பேயறைந்த முகத்தோடு கிளம்பினாள். முதலில் பழைய கடைக்குப் போனாள். அங்கே அவளுடைய தோழி இன்னமும் மெஷின் மிதிக்கிறாள், வாய் நிறையக் குண்டூசி. ஊசி வாயில் இருக்கும்வரை அவள் பேச்சில் உதடு ஒட்டாது.

"ஃபடகுக்கு எஃபோ ஃபோற?"

"நாளைக்கு. ஏன்டி, நீ பேய் பிசாசை நம்புவியா?"

தோழி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நம்ம முதலாளியைப் பார்த்தப்புறமும் நம்பாம இருப்பேனா?"

"விளையாடாத."

"சரி சொல்லு, யாரு வந்தது? வந்தவருக்கு என்ன வேணுமாம்?"

ஊஞ்சல் அண்ணாந்து பார்த்தாள். மாதிரித் திரைகளை ஏற்றி இறக்கும் கயிறு சுவர் ஆணியில் கட்டியிருந்தது. வால் இடப்பக்கம். ஆனால் இதில் தூசு படிந்திருந்தது, கிரீஸ் கறைகூடத் தெரிந்தது. இது பழசு. பயம் கொஞ்சம் இறங்கியது.

தோழி கெட்டித் துணியில் ஒரு சுருளைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். "பாய்க்கு ஒட்டுப்போட வச்சுக்கோ. எடுத்துட்டுப் போற மாதிரி கட்டிக்கோ." ஊஞ்சல் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டே சணலைச் சுற்றிக் கட்டினாள். தோழி அந்தக் கட்டைப் பார்த்தாள், ஊஞ்சலின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், ஊசிகளை மறுபடி வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

"ஃபத்திரமா ஃபோயிட்டு வா."

அடுத்தது நாத்தனார் வீடு. லிஃப்ட்காரரின் தங்கை. கேள்வியும் அவளே, பதிலும் அவளே. எதிராளிக்குத் தலையாட்டும் வேலை மட்டும்தான்.

"வந்துட்டீங்களா? வந்துட்டீங்க. டீ குடிக்கிறீங்களா? வேணாம்பீங்க. போட்டுட்டேன். சுத்தி வாங்க, முன்கேட் திறக்காது. ஏன் திறக்காது? அண்ணன் கட்டிட்டுப் போனது. அறுத்துடலாமா? அறுக்கலாம். மனசு வருதா? வரல."

தாழ்ப்பாள் உடைந்த கேட்டைத் தற்காலிகமாக என்று சொல்லி அவர்தான் கட்டிவிட்டுப் போயிருந்தார். தாழ்ப்பாளைச் சரிசெய்ய வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து நாத்தனாரும் அவள் புருஷனும் பக்கத்துச் சந்து வழியாக, ஒருக்களித்து, சாக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வருகிறார்கள். அவள் புருஷன் பருமனானவர். வருஷம் முழுக்கச் சட்டைப் பொத்தான் தெறித்துக்கொண்டிருந்தது.

டீயை நீட்டும்போது நாத்தனார் குரலைத் தழைத்தாள். "மத்தியானத்துல அந்தக் கேட் ஆடுது. யாரோ கட்டு கெட்டியா இருக்கான்னு இழுத்துப் பார்க்கிற மாதிரி. காத்தா? காத்துன்னு வச்சுக்கலாம். காத்து இல்லாத நாள்லயும் ஆடுதே, அப்ப என்ன? எனக்குத் தெரியாது."

இரண்டு பேரும் கேட்டைப் பார்த்தார்கள். அது ஆடவில்லை. ஆடாமல் இருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது.

கிளம்பும்போது ஊஞ்சல் கேட் பக்கம் போனாள். வெயிலும் மழையும் தின்ற பழைய கயிறு, இடப்பக்கம் வால். அவள் கை தானாக நீண்டது. விரல் சரியான இடத்துக்கு, தேட வேண்டியதே இல்லாமல், போய் உட்கார்ந்தது. நெருப்பைத் தொட்டதுபோல் பிடுங்கிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பால்கனிக்குப் போய் நின்றாள்.

"அண்ணே, இங்க வா. இந்தக் கொடியை யாரு கட்டினது?"

அண்ணன் வந்தார். பின்னாலேயே அண்ணி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறைக்காத. கயிறு புதுசு. முடிச்சு அவருது. அவர் வந்தாரா?"

"என்ன உளர்ற?" அண்ணனின் ஜல்லி எங்கோ சிக்கிக்கொண்டது. "நீதான் கட்டின."

"நானா?"

"வந்த அன்னைக்கு. பழைய கொடியை நாங்க அவுத்துட்டோம், உன் கண்ணுல பட வேணாமேன்னு. புதுக் கயிறு வாங்கி சும்மா சுருட்டிப் போட்டு வச்சிருந்தேன். நீ வந்ததும் வராததுமா 'தரை ஆட மாட்டேங்குது, தரை ஆட மாட்டேங்குது'ன்னு என்னைத் திட்டிக்கிட்டே எடுத்துக் கட்டின. நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"கயிறு திரிக்காத."

"உங்க அண்ணியைக் கேளு."

அண்ணி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் உள்ள போயி அழுதேன். ஏன்னா, அது அப்படியே அவர் கட்டின மாதிரி..." எல்லோரும் காத்திருந்தார்கள். அண்ணி வாழ்க்கையில் முதல்முறையாக மூடியைத் திறந்தாள். "...இருந்துச்சு. நீ இடது கையால கட்டின."

ஊஞ்சல் தோழி கொடுத்த சுருளைத் திருப்பிப் பார்த்தாள். சணலின் வால் இடப்பக்கம் தொங்கியது. அதை அவிழ்த்துவிட்டு, இந்த முறை தெருவைப் பார்க்காமல், கையை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி கட்டினாள். இடக்கை முன்னால் போனது. வலக்கை, ஏவலுக்கு நிற்கும் ஆள் மாதிரி, கயிற்றைப் பிடித்துக் கொடுத்தது. யாருடைய கையையோ ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் அவள் அதைப் பார்த்தாள்.

எப்போதிலிருந்து? யாருக்குத் தெரியும்? படகில் இந்த ஒரு வருஷமும் அங்கங்கே தொட்டுத் தொட்டுப் பார்த்து, 'இது அவர், இதுவும் அவர்' என்று நினைத்த முடிச்சுகளில் எத்தனை அவர், எத்தனை அவள்?

அண்ணன் விறுவிறுவென்று மாடிக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் மரநாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினார். வாசல் பக்கம் அந்த நான்கு வட்டங்களின் மேல், ரசமட்டம் பார்க்கிற கவனத்தோடு, ஒவ்வொரு காலாக வைத்தார். யாரும் அதில் உட்காரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் பட்டறையில் கிரேன் படகைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது. மேஸ்திரி கத்தினார், தண்ணீர் சளக்கென்றது. ஊஞ்சல் ஏறினாள். கால் பட்டதும் இடுப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த அலை நின்றது. அசையாமல் நின்றாள்.

அண்ணன் சிமென்ட் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அண்ணி, வாயில் பாதி வாக்கியத்தோடு.

குறுக்குக் கம்பில் முடிச்சுகள் வரிசையாக இருந்தன, உப்பு பூத்து, ஒருவர் விட்டுவிட்டுப் போனபடியே. ஊஞ்சல் முதல் முடிச்சின் முன்னால் நின்றாள். வலக்கை எழுந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக் கீழே விட்டாள். கண்ணை மூடினாள். முதுகுக்குப் பின்னால், பாய்மரத்தில், யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. திரும்பவில்லை. கயிற்றின்மேல் இடக்கை போய் உட்கார்ந்தது, விரல் வளைந்தது, ஒரு தடவை இழுத்தது.

முடிச்சு மூச்சுவிட்டது போல் நெகிழ்ந்தது.

இரண்டாவது. மூன்றாவது. பாய் மடிப்பு மடிப்பாகச் சரிந்தது. ஒரு மடிப்பிலிருந்து அவருடைய கிரீஸ் துணி அவள் காலடியில் விழுந்தது. இன்னும் லிஃப்ட் குழி வாசம் அடித்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஸ்திரி இழுவைக் கயிற்றை மாட்டினார். படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் விரிந்தது.

வாயே திறக்க மாட்டேன் என்று சொன்ன அண்ணன், கரையின் விளிம்பு வரை ஓடிவந்தார். குரலில் ஒரு ஜல்லிகூட இல்லை, வெறும் மணல்.

"ஏய் ஊஞ்சல்! போட்டவங்கதான் அவுக்கணும்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே! அது அவர் போட்ட முடிச்சு இல்லையா? நீ பாட்டுக்கு அவுத்துட்டுப் போற?"

கடைசி முடிச்சில் இடக்கையை வைத்தபடியே அவள் கத்தினாள்:

"போட்ட கைதான் அண்ணே அவுக்குது, உனக்குக் கண்ணு தெரியலையா? நீ அந்த நாற்காலியைத் திரும்பத் தூக்கி மாடியில ஒளிச்சு வைக்காம இரு, அது போதும் எனக்கு. அப்புறம், நான் திரும்பி வர்றதுக்குள்ள உன் தரையைக் கொஞ்சம் ஆடப் பழக்கி வை!"